முழு சுகம் என்று எழுதிய கடிதம்

மருத்துவமனை வராந்தாவில் படவேண்டிய பயமெல்லாம் பட்டாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொண்ட இரண்டு வருடம் அப்படி. மருத்துவக் குழுவின் அறை வாசலில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

என் மனைவி ஸ்டெல்லா தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கம்பெனிக் காப்பீட்டில் இயலாமை உதவித்தொகையும், கூடவே மருந்து அட்டையும் கொடுத்திருந்தார்கள். புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளென்று தாக்காமல் தடுக்கும் மாத்திரைகள் அந்த அட்டையில்தான் கிடைக்கின்றன. நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும்.

மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்த அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும். குணமாகிவிட்டீர்கள் என்று குழு முடிவு செய்தால் அட்டை ரத்து. குணமாக வைத்திருப்பதே அட்டைதான் என்று எழுத அவர்கள் படிவத்தில் இடமில்லை.

விவேக் நகரிலிருந்து ஆட்டோவில் போகும்போது ஃபைல் ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. உள்ளே போனதும், குழுவின் டாக்டர் கேட்பதற்கு முன்பே நீட்டினாள். அவர் திறந்ததும் முதல் தாளாக இருந்தது, எங்கள் இயேசு பாலன் கோயிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் வாசித்த நன்றிக் கடிதம். நான் எழுதியதுதான். இயேசு பாலன் பெயர் மேலே இருந்தால் காரியம் நல்லபடி முடியும் என்று ஸ்டெல்லா அதை அங்கே வைத்திருக்கிறாள். எங்கள் கெட்ட நேரம், கன்னடக்கார டாக்டருக்குத் தமிழ் வாசிக்கவும் தெரிந்திருந்தது.

"முழு சுகம் கிடைச்சிருச்சு, பழைய மாதிரி வேலை செய்ய முடியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"அது சாமிக்கு எழுதுனது டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சுகமா இல்லையா, இதில் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஸ்டெல்லா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, மாற்றுச் சிறுநீரகத்தால் நான் குணமாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூசியது.

அன்றைக்கு எதையும் முடிவு செய்யவில்லை. புதிதாக ரத்தப் பரிசோதனை எடுத்து வரச்சொன்னார்கள்.

நான்கு நாள் கழித்து லேப் வாசலில் நின்றபடியே ரிசல்ட்டைப் பார்த்தேன். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம்) கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் மூன்று வருடத்தில் முதல் முறை. அப்பாடா, அட்டை தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த இடைவெளியில் நான் யாராக இருந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்த ஸ்டெல்லா, "ரிசல்ட் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அட்டையை ஒரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். மாத்திரை மாறியிருக்கிறது, வழக்கமாக மாற்றுவதுதான் என்று அவளிடம் சொன்னேன். மாதா மாதம் ரத்தம் கொடுக்கிறேன். அந்த எண் இறங்கினால் அடுத்த குழுவை நினைத்துப் பயம், ஏறினால் உயிர்ப் பயம். அதற்கு மேல் எந்த நாளையும் என்னால் யோசிக்க முடிவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை எடுத்துத் தரும்போது, ஸ்டெல்லா தன் சிறுநீரகத்தை வைத்துத் தைத்த என் வலப்பக்க அடிவயிற்றில் கை வைத்து, "நம்மளது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.