அக்கரைக் குரல்

பாடத் தொடங்குமுன் ஹெலெனா கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, ஆற்றுப் பக்கம் திரும்பி ஒரு மூச்சு காத்திருப்பாள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

போலந்துக்காரர்களான நாங்களும் அக்கரை ஸ்லோவாக்கியரும் சேர்ந்து பாடும் முதல் விழா. முதல் வரியை யார் எடுப்பது என்று முதல் நாள் ஒத்திகையிலேயே சண்டை. விழாவே நின்றுவிடும் போலிருந்தது.

"இது எங்க பாட்டும்மா, நான்தான் எடுப்பேன்," என்றார் அக்கரை யுராய்.

"எடுங்கண்ணே, மூச்சு இருந்தா!" என்றாள் ஹெலெனா.

எடுத்தார். உச்சத்தில் குரல் உடைந்தது. யாரும் சிரிக்குமுன் ஹெலெனா காதில் கைவைத்து, அவர் விட்ட அதே உயரத்தில் வரியைப் பிடித்துக்கொண்டாள். இரு கரைக் குரல்களும் தாமாகவே அவள் பின்னால் எழுந்தன. யார் பாட்டு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

"அட, நீதானா அது?" என்றார் யுராய்.

பிறகுதான் தெரிந்தது: புல்லறுப்புக் காலங்களில் இக்கரையிலிருந்து அவள் பாட, ஆற்றுக்கு அப்பாலிருந்து பதில் பாடியவர் அவர்தான். முகம் பார்த்தது அன்றுதான்.