கப்பல் பெயிண்ட் அடித்த அறை

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து வண்ண அட்டையை நீட்டுகிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கும், அபிப்பிராயமும் இருக்கும் என்ற நம்பிக்கை. எந்த வண்ணம் எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம், சுவரில் கை வைத்துப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். காலையில் காப்பிக்கு முன்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், உள்ளங்கையை முழுதாகப் பதித்துப் பத்து எண்ண வேண்டும். கை குளிர்ந்தால் பரவாயில்லை. பிசுபிசுத்தால் விரலை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக் கரித்தால் வண்ண அட்டையை மடித்து வைத்துவிட வேண்டும். இந்த இடத்தில் கேட்டவர்கள் எனக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்து விடைபெறுவார்கள்.

எங்கள் வீடு ராயபுரத்தில், கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. என் அப்பா கட்டியது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் ஒரு கூடம், நடுவில் படுக்கை அறை, பின்னால் சமையலறை, கிணறு. நடு அறைக்கு ஒரு கதவு மட்டும் உண்டு, ஜன்னல் கிடையாது. அதன் சுவரில் மாசி மாதம் உப்புப் பூக்கும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அதை அழகு என்றே நினைத்திருந்தேன். வெயில் கூடத்தைத் தாண்டி அந்த அறைக்குள் ஒரு விரல் நீளம் எட்டிப் பார்க்கும் நேரத்தில், சுவர் முழுக்க வெள்ளை மயிர் முளைத்தது போல மின்னும். ஊதினால் பறக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது, சுவர் பூக்கிறது, அவ்வளவுதான்.

உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் காலமாகியிருந்தார்கள். துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தப் படிவம் எந்த மேஜைக்கு, எத்தனை நகல், யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்குச் சகஸ்ரநாமம் போல மனப்பாடம். என் மனைவி புழல் ஏரிக்கரையில் பிறந்தவள். ஏரிக்குப் பின்னால் அவள் அப்பாவுக்கு நிலம் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த அன்று குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்க ஊர் தண்ணிதாங்க. எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டிருக்கு" என்றாள். உண்மைதான். பட்டணத்துக் குழாய்க்குத் தண்ணீர் புழல் ஏரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் அவளுக்கு இழுப்பு வந்தது. நடு அறையில் உட்கார்ந்தபடி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை ஒரு மெல்லிய விசிலாக இழுத்து விடுவாள். புழலுக்குக் கொண்டுபோய் விட்டேன். நாலே நாளில் விசில் நின்றது. தை பிறந்து நான் கூட்டிவரப் போனபோது மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"மாப்பிள்ள, பொண்ணத் திருப்பிக் கூப்பிட்டுக்கிறேன்னு நான் சொல்லல. ஆனா அடுத்த மழைக்கும் அந்த அறையில இப்படித்தான்னா, அவ இங்கயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க. மூச்சு முக்கியம் இல்லீங்களா?"

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த ஐப்பசிக்குள் அந்த அறை காய வேண்டும். இல்லாவிட்டால் நான் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பூச்சு வேலை செய்வார். சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பீடியைப் பற்றவைத்தார்.

"ஓதம் ஏறிக்கினு கீது நைனா. செவுரு அழுவுது."

"என்ன செய்யலாம்?"

"இன்னா செய்யறது? கப்பல் பெயின்ட் அடி. நீ ஆர்பர்லதான வேல செய்யற, உனுக்கு இல்லாத பெயின்டா?"

"சுவருக்குக் கப்பல் பெயிண்டா?"

"கப்பலு இன்னா, தண்ணிலயே நின்னுகினு கீது. உள்ள ஒரு சொட்டு பூந்துச்சா? சொல்லு."

இந்தத் தர்க்கத்துக்கு நான் மயங்கினேன் என்பதை இப்போதும் கொஞ்சம் வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். நான் மட்டுமல்ல, துறைமுகத்தில் சம்பளம் வாங்கிய எங்கள் தெருக்காரர்களில் பாதிப்பேர் வீட்டில் ஏதாவதொரு சுவர் கப்பல் நிறத்தில் இருந்தது. கடலைத் தடுக்கக் கடலில் ஓடியதைத்தான் நம்பினோம். யுத்தத்துக்காக வந்து மிஞ்சிப்போன சாம்பல் நிறப் பெயிண்ட் டின்கள் கழித்த சாமான்களோடு ஏலத்துக்கு வந்தன. முறைப்படி மனுப் போட்டு, முறைப்படி ஏலம் எடுத்து, கேட் பாஸ் வாங்கி, இரண்டு டின்களை மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். அதே வாரம், நடு அறையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வென்டிலேட்டர் திறக்க அனுமதி கேட்டு வார்டு அலுவலகத்துக்கும் விண்ணப்பித்தேன். வரைபடம் மூன்று நகல். வடக்கு திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தேன்.

பங்குனியில் அறை சாம்பல் நிறமானது.

அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்னும் உடம்பு லேசாக ஆடுவது போல இருக்கிறது. சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாம் ஒரே சாம்பல். பிற்பகலில் கூடத்துத் தரையில் விழுந்த வெயில் அந்தப் பளபளப்பில் பட்டு, தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்ப்பது போல ஒரு வெளிச்சம் அறையெங்கும் நெளியும். துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஒலி வந்தால் சுவர் அதிர்வது போலத் தோன்றும். பாயில் படுத்துக்கொண்டு அவள், "இப்ப எங்க போயிட்டிருக்கோம்?" என்பாள். நான் ஏதாவது ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்வேன். பெயர்களுக்கு எனக்குப் பஞ்சமில்லை, நாள் முழுக்கச் சரக்குப் பட்டியலில் எழுதியவைதான். ரங்கூன் தாண்டிப் பினாங்கு. "அங்க மழை பெய்யுமா?" என்று கேட்பாள். பெய்யும் என்பேன். "அப்ப வேற பக்கம் திருப்புங்க." இப்படி ஒரு சித்திரை முழுவதும் நாங்கள் மழை இல்லாத ஊர்களாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

ஆனியில் சுவரில் ஒரு கொப்புளம் வந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். பிறகு பக்கத்தில் இன்னொன்று. ஆடியில் மாலை மழை இரண்டு பெய்ததும் சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆனது. அவள் கொண்டை ஊசியால் ஒன்றைக் குத்தினாள். உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது. தொட்டு நாக்கில் வைத்து என்னைப் பார்த்தாள்.

"கடலுங்க" என்றாள்.

அன்று மாலையே விசில் திரும்ப வந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் பெட்டியைக் கட்டினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பேச மூச்சு போதவில்லை என்பதும் ஒரு காரணம். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சமையலறை வாசலில் நின்று, விட்டு விட்டுச் சொன்னாள்:

"இந்தச் செவுத்தப் பாருங்க. இதுவும் அதே செங்கல்லு. பக்கத்துலயே கிணறு. வருசத்துக்கு ஒரு தடவ சுண்ணாம்பு, அவ்வளவுதான். மேல புகை போறதுக்கு ஓட்டை இருக்கு. இது ஏன் காஞ்சு கெடக்கு?"

நான் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன்.

"அந்த அறைக்கு வாயப் பொத்திட்டீங்க. எனக்கு முட்டுற மாதிரிதான் அதுக்கும் முட்டுது. வென்டிலேட்டர் என்னாச்சு?"

"பரிசீலனையில் இருக்கிறது."

"உங்க ரூல் புஸ்தகத்துல மூச்சு விடறது எத்தனாவது பக்கம்?" என்று கேட்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

தெருமுனையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பவள் நான் தனியாகத் திரும்பி வருவதைப் பார்த்தாள். "இன்னா நைனா, தல ஆடி போன வருசமே முடிஞ்சுபோச்சே. இது இன்னா, வால் ஆடியா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நேரே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். தரையிலிருந்து, இடுப்புயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம்வரை, பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்கச் சொன்னேன். இதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஈரம் தெரிகிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளவே மனம் வரும். நிறுத்தக் கூடாது. பெயர்ந்து விழுந்த காரைக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன். உடைத்தேன். உள்ளே நகக்கண் அளவில் ஒரு சிப்பி முழுசாக, இளஞ்சிவப்புக் கோடுகளோடு இருந்தது. இன்னொரு கட்டியில் இரண்டு.

"இது சுண்ணாம்புக் காளவாயில் வேகாமல் தப்பிய கிளிஞ்சலா?" என்றேன்.

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். பீடி அணைந்துபோயிருந்தது. "இல்ல நைனா. இது பீச்சு மண்ணு. உங்க நைனா காலத்துல கூடைல அள்ளிக்கினு வந்து கொட்டிகிறானுங்க. ரெண்டாந்தெருவாச்சே, எவன் போயி ஆத்து மண்ணு இஸ்துகினு வருவான்?"

சிப்பியைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து கடல் வருகிறது என்று நாங்கள் பெயிண்ட் அடித்துத் தடுத்தோம். கடல் உள்ளேதான் இருந்தது. அப்பா அதை நாலு சுவருக்குள் வைத்துப் பூசி, அதன் நடுவில் என்னைத் தூங்கவைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு செய்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியும், சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்லில் ஒட்டிய உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த தேங்காய் நார்க் கட்டையால் தேய்த்து உதிர்த்து, பெருக்கி வெளியே கொட்ட வேண்டும். மறுநாள் திரும்பப் பூத்திருக்கும். திரும்பத் தேய்க்க வேண்டும். ஆவணி முழுக்க ஆபீஸிலிருந்து வந்து அதையே செய்தேன். மேலே மிஞ்சியிருந்த சாம்பல் பெயிண்டையும் சுரண்டித் தீர்த்தேன். மணல் மீஞ்சூர்ப் பக்கத்து ஆற்றிலிருந்து வண்டியில் வந்தது. நம்பாமல் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தெளிந்ததைக் குடித்துப் பார்த்தேன். வண்டிக்காரர் தன் மாட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

தண்ணீர் விஷயத்தில்தான் மேஸ்திரிக்கும் எனக்கும் சண்டை மூண்டது. கிணறு பத்தடியில் இருக்கிறது, குழாயோ காலையில் கொஞ்ச நேரம்தான் வரும்.

"கெணத்துத் தண்ணி போதும் நைனா. செவுரு இன்னா குடிச்சிப் பாக்கப்போவுதா?"

"பார்க்கும். முப்பது வருஷமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது."

"பேஜாரு புடிச்ச வேலபா உன்னோட."

கிணற்று நீர் லேசாகக் கரிக்கும். குழாயடியில் தினமும் வரிசையில் நின்று, பாத்திரம், தவலை, குளிக்கும் அண்டா எல்லாவற்றிலும் நானே பிடித்து வைத்தேன். நிறைந்து வழியும் தண்ணீரில் வானம் வந்து ஆடும். அதைப் பார்த்தபடி நிற்பேன். புழலில் அவள் காலையில் இறங்கி முகம் கழுவும் அதே ஏரி, மண்ணுக்கடியில் குழாய் வழியாக அத்தனை தூரம் வந்து என் அண்டாவில் விழுகிறது. இதற்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பு குழைந்தது. அதில்தான் அறை பூசப்பட்டது.

பூசுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி உளியோடு நின்றார். "பர்மிசன் வந்துச்சா?"

"வரும்."

"பூசிட்டு அப்பாலிக்கா ஓட்ட போட்டா அல்லாம் பேந்துக்கும். இன்னிக்குப் போட்டாதான் ஆச்சு. இன்னா சொல்ற?"

விண்ணப்பம் அப்போது எந்த மேஜையில், எந்தக் காகிதக் கட்டுக்குள், எத்தனாவதாக இருக்கும் என்று என்னால் கணிக்க முடிந்தது. அங்கே யாரும் தவறு செய்யவில்லை. தன் முறை வரும்வரை காகிதம் காத்திருந்தது. என் மேஜையிலும் பிறருடைய காகிதங்கள் அப்படித்தான் காத்திருந்தன. ஐப்பசிதான் யாருக்கும் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

உளியை நான் வாங்கினேன். முதல் செங்கல் வெளிப்பக்கமாக விழுந்தது. அந்த ஓட்டை வழியாக முதல்முறையாக அறைக்குள் காற்று வந்தது. தரையில் கிடந்த சுண்ணாம்புத் தூள் எழுந்து, தயங்கி, எதிர்ச்சுவரை நோக்கி நடந்துபோனது.

"செஞ்சிட்டான்யா சட்டப்புலி!" என்றார் மேஸ்திரி.

பூச்சு மெல்ல மெல்ல வெளுத்தது. அதன்மேல் வெறும் சுண்ணாம்பு இரண்டு கை அடித்தோம், வேறொன்றும் இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் புழலுக்குப் போனேன். மாமனார் நாற்காலி போட்டார். அவள் என் கைகளைப் பார்த்தாள். சுண்ணாம்பு அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "மழை வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

மழை தீபாவளிக்கு மறுநாள் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் நான் சுவரையே தடவிக்கொண்டிருந்தேன். அவள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டிருப்பவள் போல அறைக்குள் நடந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் சாப்பிட்டுவிட்டு நடு அறையில் பாயை விரித்து, "இப்ப எங்க போயிட்டிருக்கோம்?" என்றாள்.

"எங்கும் போகவில்லை. ராயபுரம்தான்."

"மழை பெய்யுதா?"

"பெய்கிறது."

"சரி, பெய்யட்டும்" என்று சொல்லிப் புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். மேல் வென்டிலேட்டரில் நனைந்த வெளிச்சம் வெள்ளைச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து காதை வைத்திருந்தேன். விசில் இல்லை. மழைச் சத்தத்துக்குள் அவள் மூச்சைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இழுக்கும், விடும், இழுக்கும்.

தபால்காரர் குடையோடு வந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினார். வார்டு அலுவலக முத்திரை இருந்தது. வென்டிலேட்டர் அனுமதியாகத்தான் இருக்க வேண்டும். இனிமேல்தான் வேலையைத் தொடங்கலாம் என்று அதில் ஒரு நிபந்தனையும் இருக்கும். அரசாங்க உறை எதையும் வந்த நிமிஷமே பிரிக்காமல் வைத்தவன் அல்ல நான். அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்திருக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் காகிதம் சத்தம் போடும்.