பெயர் எழுதாத சீட்டு

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கேஸை அணைத்துவிட்டுப் படியிறங்கிய பிறகும் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பால்காரர் கேனைக் கொஞ்சம் வேகமாக மூடினால் போதும், தண்ணீர் கலந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிடுவேன். இத்தனை வருடம் பரீட்சை ஹாலில் காவல் நின்ற கண், வேறெப்படி இருக்கும் என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமை போன வருடத்தோடு போயிற்று.

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அதில் ஒரு பாடத்துக்கு, தீவிரவாதம் மனித உரிமைகளையும் உலகப் பாதுகாப்பையும் எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும். வேறு ஊரென்றால் நாலு பாயின்ட் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இது குண்டு வெடித்த ஊர். அப்போது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. ஆனாலும் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் சில தலைகள் தாமாகவே மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே முக்காடு போட்ட பிள்ளை ஒருத்திதான். பழைய கடைவீதிப் பக்கம் வீடு, அப்பாவுக்கு அங்கேயே பாத்திரக் கடை. அவள் நோட்டில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்காகத்தான் சீட்டு யோசனை வந்தது. ஆளுக்கொரு துண்டுத் தாள், மனதில் இருக்கிற கேள்வியை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டால் சரி. பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று நான் ஆராயவே மாட்டேன் என்று அடித்துச் சொன்னேன்.

கேள்விகள் வந்து கொட்டின. குண்டு வைத்தவனுக்கு எதற்கு உரிமை என்று கேட்டிருந்தார்கள். ஜவுளிக் கடை வாசலில் என் பையைத் திறந்து பார்ப்பது சரியா என்று கேட்டிருந்தார்கள். ஒரு சீட்டு என்னை அசத்திவிட்டது. தீவிரவாதத்தை எதிர்க்கிறோம் என்று எல்லா நாடுகளும் சொல்கின்றன, ஆனால் தீவிரவாதம் என்றால் என்ன என்பதற்கு ஒரே விளக்கத்தை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன? அதை வாசித்துவிட்டு முதல் பெஞ்சில் இருந்த முதல் ரேங்க்காரியைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒரே ஒரு சீட்டை மட்டும் நான் சத்தமாக வாசிக்கவில்லை.

“விசாரணை என்று வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டாமா? நாளையோடு மூன்று நாள்.”

மணி அடித்துவிட்டது, நல்லவேளை என்று டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வகுப்பில் யாரோ ஒருத்தி பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. யார் அவள் என்பதுதான் அரித்தது. ஸ்டாஃப் ரூமில் சக ஆசிரியை ஒருவர், நமக்கெதற்கு வம்பு, ஹெச்.எம். கையில் கொடுத்துவிடுங்கள், அவர் போலீஸுக்குச் சொல்வதோ விடுவதோ அவர் பாடு என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஆள் யார் என்று தெரிந்துகொண்டால் என்ன என்று பட்டது. அலமாரியைத் திறந்து மாதத் தேர்வு விடைத்தாள் கட்டை எடுத்தேன். முப்பத்தெட்டுத் தாள்கள். நான் வரிசையாகப் பார்க்கவில்லை. நடுவில் கிடந்த ஒரு தாளைத் தேடி உருவினேன், மூன்றாவது பெஞ்சுக்காரியின் தாள். சீட்டின் கையெழுத்தோடு ஒத்துப்போவதுபோல்தான் இருந்தது. மற்ற முப்பத்தேழையும் தொடக்கூட இல்லை. இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்தபடி வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குரலில் தேனைத் தடவிக்கொண்டேன்.

“ஏங் கண்ணு, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? அப்பா ஊட்டுலதான இருக்கார்?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“எங்க அத்தா கடையிலதானுங்க மிஸ் இருக்கார். போன் போட்டுக் குடுக்கட்டுங்களா?”

வேண்டாம் வேண்டாம், சும்மாதான் கேட்டேன் என்று உளறினேன்.

“என்ற சீட்டை நேத்தே வாசிச்சுட்டீங்க மிஸ். அந்த ஒலக நாடுக கேள்வி. வாசிச்சுப்போட்டு மொத பெஞ்சைப் பாத்துச் சிரிச்சீங்க.”

எனக்குக் காது சுட்டது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மரியாதை குறையாமல், குரலும் உயராமல் பேசினாள்.

“இத எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. சொல்ல மாட்டேன். சொன்னா அவளையும் இப்படிக் கூப்புட்டு நிக்க வெச்சு, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேப்பீங்க. அத மொதல்ல கிழிச்சுப் போடுங்க மிஸ்.”

கிழித்தேன். அவள் கண்ணெதிரிலேயே துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்றால் பக்கத்தில் உட்காருகிற இருவரில் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒருத்தி அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இன்னொருத்தியின் அப்பாவுக்குப் பல்லடத்தில் தறிக் குடோன். சீட்டின் கையெழுத்து மனதில் அப்படியே இருந்தது, இரண்டே இரண்டு தாள்களை உருவினால் போதும். ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அலமாரியைப் பூட்டி, சாவியைச் சக ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை.

கடைசிப் பீரியட் என்னுடையது. யாரையும் பார்க்காமல் சொன்னேன். நேற்று ஒரு கேள்வியை வாசிக்காமல் விட்டுவிட்டேன். எழுதியது யார் என்று பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன், அதுவும் தப்பாகப் பார்த்தேன், மன்னித்துவிடுங்கள். பிறகு, விசாரணை என்று வீட்டு ஆளைக் கூட்டிப்போனால் என்ன என்ற அந்தக் கேள்வியையும் பதிலையும் சொன்னேன். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். தீவிரவாத வழக்கே ஆனாலும் நீதிபதிக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியாது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கோர்ட்டிலேயே இலவசச் சட்ட உதவி உண்டு.

ஒரு பேனாகூட அசையவில்லை. பதிலைக் குறித்துக்கொள்கிறவள்தான் அந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. முப்பத்தெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப் பயப்படக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

மூன்றாவது பெஞ்சில் அவள் எழுந்து நின்றாள்.

“மிஸ், இன்னொருக்கா மெதுவாச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேனுங்க.”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. இந்த முறை அவள் குனிந்துகொள்ளவில்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றாள். வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இன்னொருத்தி பயமில்லாமல் எழுதிக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.