குசினிக்குள்ளிருந்து வந்த பாட்டு

சிற்றம்பலம் யாழ்ப்பாணத்தில் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் மனைவியோடும் மிருதங்கத்தோடும் வந்து சேர்ந்தார். பகலெல்லாம் காடு வெட்டு. விரல்கள் மரத்துப்போகுமோ என்ற பயத்தில் பின்னேரங்களில் வாசிப்பார். கேட்பதற்கு மாடுகள்தான்.

ஒருநாள் வேலிப் படலையடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தண்ணீரூற்று என்ற ஊர்ப் புடவை வியாபாரி கலந்தர்.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணை! என்னட்டையும் ஒரு ஆர்மோனியம் கிடக்கு. வாசிக்க ஆளிருக்கு, கூட வாசிக்கத்தான் ஆளில்லை.”

அடுத்த முறை புடவை மூட்டைக்கு மேல் ஆர்மோனியமும் வந்தது. அதிலிருந்து இருவரும் சேர்ந்து கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பாடுவதற்குப் பருத்தித்துறையிலிருந்து ஒருவர் வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் முள்ளியவளைக் கலியாணமொன்றுக்கு அந்தப் பாட்டுக்காரர் வரவில்லை. பெண்ணின் தகப்பன் அப்புத்துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஒலி கனக்க மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் அப்புவதற்குக் கொஞ்சம் ரவை கேட்டுச் சிற்றம்பலம் குசினிப்பக்கம் போனார். அங்கே முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்த சமையற்காரி அன்னபாக்கியம் தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தார். சிற்றம்பலத்துக்கு ரவை மறந்து போயிற்று.

“என்ன வேணும்?”

“மிருதங்கத்துக்கு ரவை.”

“அதுக்கும் பசிக்குதோ?” என்று சிரித்தபடி ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்.

“தங்கச்சி, வெளியில வந்து பாடுங்கோவன்.”

“ஐயோ, சபைக்கு நான் வரமாட்டன். இஞ்சயிருந்து எண்டால் பாடுறன்.”

கலந்தர் ஆர்மோனியத்தைக் குசினி வாசலுக்கே தூக்கிவந்தார். உள்ளேயிருந்து பாட்டு எழும்பியது. ஆளைக் காணாமல், மூச்சு விடும் இடத்தைக் காதால் பிடித்துச் சிற்றம்பலம் வாசித்தார். சற்று நேரத்தில் சனமெல்லாம் கதிரைகளைக் குசினிப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் அவர்களின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்புத்துரையே வாசலில் வந்து நின்று, “இன்னொண்டு பாடு பிள்ளை,” என்றார்.

அதன்பிறகு மூன்றுபேர். அன்னபாக்கியம் சமைப்பார், குசினியிலிருந்தே பாடுவார். கறி அடிப்பிடித்தால் பாட்டு நடுவில் நிற்கும். அவர் கறியைக் கிளறிவிட்டுத் திரும்பவும் தொடங்கும்வரைக்கும் சிற்றம்பலம் தனியே வாசித்துச் சமாளிப்பார். அப்படி வாசித்ததில்தான் தன் கை நன்றாகப் பழகியது என்று பின்னாளில் சொல்லுவார்.

செட்டிகுளத்துக் கோயில் திருவிழாவில்தான் சிக்கல் வந்தது. அங்கே குசினி இல்லை, மேடை மட்டுமே இருந்தது. அன்னபாக்கியம் மேடைக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை முறுக்கினார்.

“கண்ணை மூடுங்கோ தங்கச்சி. குசினி எண்டு நினையுங்கோ,” என்றார் கலந்தர்.

அன்னபாக்கியம் மேடையில் ஏறி அமர்ந்தார். கண்ணை மூடித்தான் தொடங்கினார். இரண்டாவது பாட்டில் கண்ணைத் திறந்து சபையை நேராகப் பார்த்தார். பாடும்போது அவருடைய முகம் எப்படியிருக்கும் என்பதைச் சிற்றம்பலம் அன்றுதான் கண்டார். கண்டதில் ஒரு தாளம் தவறியது. கலந்தர் ஆர்மோனியத்தை நீட்டி வாசித்து அந்தத் தவறை மறைத்துவிட்டார்.

அடுத்த கலியாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் அன்னபாக்கியம், “சமையலுக்கு வேற ஆளைப் பிடியுங்கோ. நான் பாடத்தான் வருவன்,” என்று சொல்லிவிட்டார்.

அறுபத்தைந்தாம் ஆண்டில் மூச்சிழுப்பு வந்து கலந்தர் ஆர்மோனியத்தை மூடிவைக்கும்வரை மூவரும் ஒன்றாகவே போனார்கள். பிறகு பெரிய பாட்டுக்காரர்கள் பலருக்குச் சிற்றம்பலம் வாசித்திருக்கிறார். ஆனால் வயலில் தண்ணீர் கட்டும்போது அவர் வாயில் வருவது அன்னபாக்கியத்தின் பாட்டுத்தான்.