ஊசி போகும் இடத்தைப் பார்க்கப் போனேன்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில், எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் செல்விக்குப் போன மாதம் விரலில் ஊசி ஏறிவிட்டது. யாரோ காகிதத்தில் சுற்றிப் போட்ட ஊசி.

"எய்ட்ஸ், மஞ்சக்காமாலைன்னு பாத்தாங்க, மொத டெஸ்ட்டுல ஒண்ணுமில்லக்கா. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு கீதாம். அதுவரைக்கும் புள்ளைய கிட்ட சேக்கவே பயமா கீது" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருமுனை கிளினிக்கின் வேலைதான் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். சரி, அவர்களுடைய கழிவு எங்கேதான் போகிறது? ஊருக்கு வெளியே மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றுக்குத் தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி, ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

காலை 8.10க்கு எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்கு ஆட்டோ, 80 ரூபாய். மெஜஸ்டிக்கில் ரயில் மாறி (அந்தக் கூட்டத்தில் செருப்பு காலிலேயே இருந்தது அதிசயம்) பீன்யா வரை 60 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவில் 11 கிலோமீட்டர், பேரம் பேசி 280 ரூபாய்.

"ஆஸ்பத்திரி கசா ஃபேக்டரியா? சுத்திப் பாக்க வேற எடமே கெடைக்கலயா மேடம்?" என்று ஆட்டோக்காரர் சிரித்தார். கசா என்றால் கன்னடத்தில் குப்பை.

நாற்றத்தை எதிர்பார்த்துப் போனேன். பிளீச்சிங் பவுடர் வாசனைதான் வந்தது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த சூப்பர்வைசர் தயாளன், முகக்கவசமும் பூட்ஸும் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில் வந்து எரியுலைக்குப் போகின்றன. சிவப்புப் பையின் பிளாஸ்டிக்கை நீராவியில் சுத்தம் செய்து அரைக்கிறார்கள். ஊசிகளுக்கு, குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பா. ஒவ்வொன்றிலும் பார்கோடு. எங்கள் தெருமுனை கிளினிக்கின் பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"அவங்க டப்பா தவறாம வருது மேடம். உங்க வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்கா?"

"வீட்டுக்காரருக்கு. தினமும் இன்சுலின்."

"அந்த ஊசிய என்ன பண்றீங்க?"

"பத்திரமா பேப்பர்ல சுத்தித்தான் போடுவேன்" என்றேன், பெருமையாக. சொல்லி முடித்ததும்தான், செல்வியைக் குத்திய ஊசியும் காகிதத்தில் சுற்றியதுதான் என்பது உறைத்தது.

நீங்களும் போவதென்றால் முன்அனுமதி கட்டாயம், மூடிய செருப்பு அவசியம், அரை நாள் ஒதுக்குங்கள். போகாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டு ஊசிகளைத் திருகுமூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் கிளினிக்கில் கொடுங்கள். காகிதம் ஊசியைத் தடுக்காது.

மறுநாள் காலை செல்வியிடம், "அது எங்க வீட்டு ஊசியாத்தான் இருக்கும்" என்றேன்.

"அண்ணனுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு சொல்லுங்கக்கா."

அன்றே அவரை லேபுக்கு இழுத்துப் போனேன். மாலையில் ரிசல்ட் வந்தது. ஒன்றுமில்லை. அவளுடைய மூன்றாம் மாத டெஸ்ட்டை விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து, போனில் சொன்னேன். செல்வி முதலில் அழுதாள். அப்புறம் பத்து நிமிடம் என்னைத் திட்டினாள். நான் போனை வைக்கவில்லை.