துவைகல்லும் பூப்பாத்தியும்

வேரைக் கண்டால் பிடுங்கி எறிவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பானைக்கு மண் பதப்படுத்திக் கொடுத்தவள் நான். ஏரி மண்ணில் நூல் மாதிரி ஒரு வேர் தங்கினாலும் போதும், சூளையில் அது எரிந்துபோய் அந்த இடத்தில் பானை ஒழுகும். என் கை பட்ட மண்ணில் செய்த பானை ஒழுகியது என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

செடி வளர்க்க வந்தது இந்த வயதில்தான். மகன் செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிறான். மருமகள் அங்கேயே பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறாள். பானை காயவைக்க வேண்டிய தேவை போனதும் வீட்டின் பின்பக்கம் வெறுமனே கிடந்தது. தலைக்கு வைக்கிற பூவுக்கும் சளிக்குப் போடுகிற தழைக்கும் எதற்காக அடுத்தவரிடம் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

மருமகளுக்கு வேறு எண்ணம். மழைக்காலத்தில் அங்கே ஒரே சேறு. துவைத்த துணி கீழே விழுந்தால் அவள் மறுபடியும் துவைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முழுக்கச் சிமென்ட் போட்டுவிடலாம் என்று அவளும் மகனும் பேசி முடித்திருந்தார்கள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. கொத்தனார் வருவதற்குள் செடி பிடித்துக்கொண்டால் அந்த ஓரத்தை எனக்கு விட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"சரி அத்தை, பிடிச்சிக்கிச்சின்னா வுட்டுடறோம். இல்லன்னா அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

ஆடி பிறந்ததும் மல்லிப் பதியன், கனகாம்பர நாற்று, துளசி, மருக்கொழுந்து எல்லாம் வாங்கிவரச் செய்தேன். எதிர்வீட்டுப் பெண் ஓமவல்லிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். நல்லூர்ப் பக்கம் பயிர்த்தொழில் செய்கிற குடும்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள்.

நான் மண்ணைக் கொத்தி எடுத்துக் காயவைத்தேன். தட்டினேன், சலித்தேன், கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டேன். தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்தேன். பிசைந்த மாவு மாதிரி வந்தது. அதில் செடிகளை நட்டு, சுற்றி ஈரக்கையால் வழவழவென்று தடவிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. மகன் போனில் போட்டோ எடுத்தான்.

ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. இரண்டு நாள் வெயில் அடித்ததும் மண் பாறையாகி வெடித்தது. இலை மஞ்சளாயிற்று. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். துளசி கறுத்தது, மருக்கொழுந்து அழுகியது. மருமகள் துணி காயவைக்கப் போகும்போது பாத்தியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வந்து குனிந்து, பாத்தியை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, செடி வெக்கிறீங்களா, அடுப்பு போடறீங்களா? நெருப்பு வெச்சா சுட்டுடும் போலருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. மண்ணைப் பற்றி நீ எனக்குச் சொல்லுகிற அளவுக்கு ஆயிற்றா என்று கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பானையில தண்ணி நிக்கணும் பெரியம்மா. செடிக்குத் தண்ணி எறங்கிப் போவணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மல்லியை மண்ணோடு பெயர்த்தெடுத்துப் பார்த்தேன். வேர் வெளியே போக வழியில்லாமல், வைத்த இடத்திலேயே சுருண்டு கிடந்தது. தண்ணீருக்கும் காற்றுக்கும் இருந்த வழியையெல்லாம் நானே நன்றாக அடைத்து வைத்திருந்தேன். ஆனாலும் வேர் நுனி வெள்ளையாக, உயிரோடுதான் இருந்தது.

கம்பெனியில் மெருகு பூசுவதற்கு முன்னால் உடைகிறதைக் குப்பையில் கொட்டுவார்கள். அதில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வரும்படி மகனிடம் சொன்னேன். கப்பின் காது, பொம்மையின் கை என்று என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் நொறுக்கினேன். ஆட்டு எரு, சாம்பல், சருகு, நான் பொறுக்கிப் போட்ட கல், எல்லாம் ஒன்றாகப் போட்டு மண்ணோடு கலந்தேன். கல்லைத் திரும்ப மண்ணில் போட கைக்கு மனமே இல்லை. நின்று நின்றுதான் போட்டது. பிழைத்திருந்த செடிகளை அதிலேயே திரும்ப நட்டேன். எதிர்வீட்டுப் பெண் நான் கேட்காமலே ஒரு துளசிக் கன்றைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

புரட்டாசி முடிகிற நேரத்தில் கொத்தனார் டேப்போடு வந்து நின்றார். கனகாம்பரம் இரண்டு கொத்து விட்டிருந்தது. ஓமவல்லி படர்ந்திருந்தது. மல்லியில் தளிர்தான், மொட்டு இல்லை. இதையெல்லாம் எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். மகன் மருமகளைப் பார்த்தான். நான் கதவோரம் நின்றேன். கெஞ்சி வாங்குகிற இடம் எனக்கு வேண்டாம்.

அவள் உட்கார்ந்து மல்லியின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

"பிடிச்சிக்கிச்சி," என்றாள். எழுந்து குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்து, கொத்தனாரிடம், "இதுவரைக்கும் போடுங்க," என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. வந்ததும் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அப்ப துவைகல்ல உங்க தலைமேலயா வெப்பாங்க?"

சரி என்று விட்டுக்கொடுத்தேன். ஆனால் துணி அலசுகிற இடத்தில் சிமென்டை என் பக்கம் சரிவாகப் போடச் சொன்னேன். சோப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும், கடைசியாக அலசுகிற தண்ணீர் பாத்திக்கு வரட்டும் என்று. அதற்கு இரண்டு வாட்டம் வைக்க வேண்டும் என்று கொத்தனார் முனகினார். நான் பக்கத்திலேயே நின்று வைக்கவைத்தேன்.

இப்போது மருமகளுக்கு ரோஜா வைக்க இடம் வேண்டுமாம். கோட்டைக் கொஞ்சம் தள்ளி இழுத்திருக்கலாம் என்று நேற்றுத் துணி அலசிக்கொண்டே சொன்னாள். நான் ஓமவல்லியைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டிவிட்டு, அந்த மூலையில் மண்ணைக் கொத்திவைத்திருக்கிறேன்.