கல்வெட்டில் பாலம், இருட்டில் சாலை

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தாலுகா அலுவலகத்தில் இருந்தவரை அந்த முப்பது நாளை எப்படி இழுப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே இழுப்பவர்கள் மேல் எனக்குத் தொழில்முறை மரியாதை உண்டு. கோபமும் உண்டு.

எங்கள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பாலம். இரு கரையிலும் அதற்கு ஏறும் சரிவுச் சாலையை அப்ரோச் என்போம். பாலத்தில் விளக்கு உண்டு, அப்ரோச்சில் இல்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண்மணி விடியுமுன் துறைமுகத்துக்கு நடக்கையில், லாரிக்கு ஒதுங்கி அங்கே விழுந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப்போட்டு வந்தவர், "இனி ஆரு விழணும் சாரே, லைட்டு வாறதுக்கு?" என்றார்.

பாலம் கட்டிய துறைக்கு எழுதினேன். அப்ரோச் பாலம் இல்லை, சாலையாம்; ஊராட்சியைக் கேட்க வேண்டுமாம். ஊராட்சியோ, அது பாலத்தின் பகுதி, துறையைக் கேளுங்கள் என்றது. இரண்டும் இலக்கணப் பிழையில்லாத கடிதங்கள்.

பாலத்தின் கல்வெட்டில் நீளம் போட்டு, 'வட்டாரத்தின் மிக நீளமான பாலம்' என்று பொறித்திருக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு பாலம் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. டேப்பின் நுனியை அந்த அம்மா நல்ல கையால் பிடித்துக்கொள்ள, இரண்டு பாலத்தையும் அளந்தேன். தண்ணீருக்கு மேலே மட்டும் என்றால் அவர்கள் பாலம்தான் நீளம். எங்கள் அப்ரோச் இரண்டையும் சேர்த்தால்தான் கல்வெட்டுக் கணக்கு வருகிறது.

"அப்போ பெருமைக்கு அது பாலம், லைட்டுக்கு ரோடு. அப்பிடித்தானே சாரே?"

நான் எழுதியிருந்தால் மூன்று பக்கம் வந்திருக்கும்.

இந்த வியாதி எங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஓர் ஏரிப் பாலத்துக்கும் சீனாவின் ஒரு விரிகுடாப் பாலத்துக்கும் இதே தகராறு. தண்ணீர்மேல் தொடர்ச்சியாக எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு என்று பட்டத்தை இரண்டாக்கித்தான் தீர்த்தார்கள். அங்கே யாரும் இருட்டில் விழவில்லை போலும்.

'ஏன்', 'எப்போது' என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். எனவே துறையிடம், கல்வெட்டு நீளத்துக்கு ஆதாரமான அளவுப் பதிவின் நகலை மட்டும் கேட்டேன். மனுவின் பிரதி ஒன்றைப் பக்கத்து ஊர் ஊராட்சிக்கும் அனுப்பினேன்.

துறையிலிருந்து ஓர் இளம் பொறியாளர் ஃபோன் செய்தார்.

"சார், கல்வெட்டுல கை வைக்க முடியாது. பெரிய ஆளுங்க திறந்தது. மனுவ வாபஸ் வாங்கிருங்க."

"கல்வெட்டு அங்கேயே இருக்கட்டும் தம்பி. லைட்டப் போடுங்க."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இது?"

"இந்த வயசுலதான் நேரம் இருக்கு."

கெடு முடிந்த மறுநாளே முதல் மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்குக் கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மாவும் என்னுடன் வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன்பின் அளவுப் பதிவின் நகல் வந்தது. அதன்படி இரண்டு அப்ரோச்சும் பாலத்தின் நீளத்தில் சேர்ந்தவை. அவற்றுக்கான விளக்குகளைத் துறையே அமைக்கும் என்று கூடவே ஒரு கடிதம். தபால்காரரிடம் கையெழுத்திட்டு நான் வாங்கியது ஆவணி பதினொன்றாம் தேதி. அன்றிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.